அரிவாள் கல நோயும் புது மருந்து ஆய்வுகளும்: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரத்தம் பரிசோதிக்கும் லாப்பில் முப்பது வருடம் வேலை செய்தேன். ஓய்வு எடுத்த பிறகும் கல்முனைச் சந்தையிலோ களுவாஞ்சிகுடியில் பஸ்ஸுக்கு நிற்கும்போதோ என்னைக் கண்டால், பையிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்து நீட்டுகிறவர்கள் உண்டு. கொஞ்சக் காலமாக ரிப்போர்ட்டோடு சேர்த்து வேறொரு கேள்வியும் வருகிறது: "புது மருந்து கண்டுபிடிச்சிட்டாங்களாமே, ஆய்வில சேரலாமாமே?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதுகிறேன். நான் டொக்டர் இல்லை. உங்கள் பிள்ளைக்கு என்ன மருந்து என்பதை உங்கள் டொக்டர்தான் சொல்ல வேண்டும்.

இது தலசீமியாதானே? ஏன் வேறு பெயர் சொல்கிறீர்கள்?

இரண்டும் அக்கா தங்கை மாதிரி, ஆனால் ஒன்றல்ல. தலசீமியாவில் ஈமோகுளோபின் போதிய அளவு உண்டாவதில்லை. அரிவாள் கல நோயில் ஈமோகுளோபின் உண்டாகிறது, ஆனால் பிழையாக உண்டாகிறது. ஈமோகுளோபினின் ஒரு பகுதியான பீட்டாச் சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும். அங்கே வேலின் என்ற வேறொன்று வந்து உட்கார்ந்துவிடுகிறது. அவ்வளவுதான் பிழை. ஒட்சிசன் குறைந்த இடத்துக்கு வந்ததும் அந்த ஈமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நாராகி, உருண்டையான செங்குழியத்தைத் தாக்கத்தி போல வளைத்துவிடும். வளைந்தவை சிறு நாளங்களில் சிக்கிக்கொள்கின்றன. அதற்குப் பின்னால் இருக்கும் சதைக்கும் எலும்புக்கும் இரத்தம் போகாது. அந்த நோவைப் பட்டவர்களிடம் கேட்டால், வெள்ளாமை வெட்டும் தாக்கத்தியை விட்டு எலும்புக்குள்ளே அறுக்கிற மாதிரி என்பார்கள்.

இந்தப் பிழையான ஈமோகுளோபினை லாப்பில் 'எஸ்' என்போம். தாயிடமிருந்து எஸ், தகப்பனிடமிருந்து தலசீமியா என்று இரண்டும் ஒரு பிள்ளையிடம் வந்து சேர்வதும் உண்டு. இலங்கையில் இந்தக் கலப்பு வகையைச் சாதாரணமாகக் காணலாம். அதனால்தான் பெயரில் இவ்வளவு குழப்பம்.

ஆபிரிக்காவில் வரும் நோய் இங்கே எப்படி வந்தது?

ஆபிரிக்காவில் அதிகம் என்பது சரி. அங்கே மட்டும்தான் என்பது பிழை. 1952 இலேயே நீலகிரி மலைவாழ் மக்களிடம் இதைக் கண்டுவிட்டார்கள். மத்திய இந்தியாவிலும் அரேபியாவிலும் நிறைய உண்டு. மலேரியா வாட்டிய இடங்களில் எல்லாம் இந்தப் பிழை தங்கிவிட்டது. ஒரு பக்கம் மட்டும் எஸ் உள்ளவரை, அதாவது காவியை, கடுமையான மலேரியா அவ்வளவு எளிதில் கொல்லாது. காட்டை வெட்டிக் கழனியாக்கிய எங்கள் முன்னோருக்கு மலேரியாவைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2016 இல் இலங்கை மலேரியா இல்லாத நாடாகிவிட்டது. அது விட்டுப்போன சுவடுதான் இரத்தத்தில் இருக்கிறது.

குடி, சாதி, மதம் பார்த்து "எங்களுக்கு இது வராது" என்று சொல்கிறவர்களோடு நான் வாதாடுவதில்லை. ரிப்போர்ட்டைக் காட்டுவேன்.

லாப்பில் எப்படித் தெரிகிறது?

பழைய முறை எனக்குப் பிடித்த முறை. கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு இரத்தம், அதனோடு சோடியம் மெட்டாபைசல்பைட் ஒரு சொட்டு. மேலே மெல்லிய மூடி வைத்து, ஓரத்தை வஸ்லீனால் அடைத்துக் காற்றை மறித்துவிட வேண்டும். அப்புறம் காத்திருக்க வேண்டியதுதான். அரை மணித்தியாலத்தில் பார்த்தால் உருண்டையாக இருந்தவை ஓரம் கூராகி, வளைந்து, சில பிறைபோல நிற்கும். முதல் முறை பார்த்தபோது கண்ணை எடுக்க மனமில்லை. பிறகுதான் அந்த இரத்தத்துக்குச் சொந்தக்காரியான பிள்ளை வெளியே வாங்கில் அழுதுகொண்டிருந்தது நினைவு வந்தது.

ஆனால் இந்தச் சோதனை "எஸ் இருக்கிறது" என்று மட்டும்தான் சொல்லும். காவியா நோயாளியா என்று சொல்லாது. அதற்கு எச்பிஎல்சி என்ற மெஷின் வேண்டும். அது ஈமோகுளோபின்களை வகை பிரித்து, நாலரை நிமிடம் வாக்கில் எஸ் வரும் இடத்தில் ஒரு மேடு வரைந்து காட்டும். காவிகளுக்கு எஸ் பொதுவாக 40 வீதத்துக்குள் நிற்கும். நோயாளிகளுக்கு அதைவிட மிக அதிகம். ஒரு விஷயம்: இரத்தம் ஏற்றிய கையோடு இந்தச் சோதனையைச் செய்தால், கொடுத்தவருடைய ஈமோகுளோபின்தான் பாதி தெரியும். ஏற்றுவதற்கு முன்னாலோ, மூன்று மாதம் கழித்தோ செய்யுங்கள்.

ஒரு பிள்ளைக்கு மூன்று வருடம் இரும்புச்சத்துக் குளிசை கொடுத்திருந்தார்கள், "இரத்தம் குறைவு" என்று. எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை. இரும்பு குறைந்திருக்கிறதா என்று ஒருவரும் பார்க்கவில்லை. பார்க்காமல் கொடுத்த இரும்பு இப்படிப்பட்ட பிள்ளைகளின் உடம்பில் தேங்கிக் கேடு செய்யும்.

ஆய்வில் சேர்ந்தால் புது மருந்து கிடைக்கும், நோய் சுகமாகும். அப்படித்தானே?

இல்லை. இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆய்வு என்பது ஒரு கேள்வி, சிகிச்சை அல்ல. "இந்த மருந்து வேலை செய்யுமா, தீங்கு செய்யுமா?" என்று அவர்களுக்கே தெரியாததால்தான் ஆய்வு நடக்கிறது. தெரிந்திருந்தால் கடையில் விற்றிருப்பார்கள்.

முதற்கட்டத்தில் சிலபேருக்குக் கொடுத்து உடம்பு தாங்குகிறதா என்று பார்ப்பார்கள். இரண்டாவதில் எவ்வளவு கொடுப்பது, ஏதும் பலன் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். மூன்றாவதில் நூற்றுக்கணக்கானவரை இரு பிரிவாக்கி ஒப்பிடுவார்கள். அனுமதி கிடைத்த பிறகும் கண்காணிப்பு தொடரும். உங்களை எந்தக் கட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள் என்பதை முதலில் கேளுங்கள். முதற்கட்டம் என்றால் உங்களுக்குப் பலன் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

"எழுமாற்றாக ஒதுக்கப்படுவீர்கள்" என்றால் என்ன?

சிரிக்க வேண்டாம். தமிழில் பெயர்த்த ஒரு சம்மதப் பத்திரத்தை வாசித்துவிட்டு ஆரையம்பதிப் பெண்ணொருத்தி என்னிடம் கேட்டது இது: "ஏன் அண்ணன், எங்கள ஒதுக்கிப் போடுவாங்களா?" பத்திரம் எழுதியவருக்கு அந்தச் சொல் எப்படிக் கேட்கும் என்று தோன்றவில்லை போலும்.

சீட்டுக் குலுக்கிப் போடுவது போலத்தான். உங்களுக்கு மருந்தா, மருந்துப்போலியா என்பதைக் கணினி தீர்மானிக்கும். மருந்துப்போலி என்றால் பார்வைக்கு அதே குளிசை, உள்ளே மருந்து இல்லை. பெரும்பாலும் டொக்டருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். நோவு தானாகக் கூடிக் குறையும் நோயில், மருந்தால் குறைந்ததா தானாகக் குறைந்ததா என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் போலிப் பிரிவில் விழுந்தாலும், நீங்கள் ஏற்கனவே எடுக்கும் மருந்தை நிறுத்தச் சொல்கிறார்களா என்று கேட்க வேண்டும். நல்ல ஆய்வுகளில் வழக்கமான சிகிச்சை தொடரும்.

ஆய்வுகளில் உண்மையாகத் தேறிய மருந்து எது?

ஹைட்ரொக்சியூரியா. பழைய மருந்து, மலிவு, விளம்பரம் இல்லை. அதனால்தானோ என்னவோ ஒருவரும் இதைப் பற்றிக் கேட்பதில்லை.

பிறக்கும்போது எல்லோருக்கும் சிசு ஈமோகுளோபின் என்று ஒன்று இருக்கும். அதில் இந்தப் பிழை கிடையாது. அரிவாள் கல நோயுள்ள பிள்ளைகூட முதல் சில மாதம் சுகமாக இருப்பது அதனால்தான். ஆறு மாதமளவில் அது குறையக் குறைய நோய் தலைகாட்டும். ஹைட்ரொக்சியூரியா அந்தச் சிசு ஈமோகுளோபினை மீண்டும் கொஞ்சம் எழுப்பிவிடுகிறது. அமெரிக்காவில் 299 பெரியவர்களை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 1995 இல் வந்தது. வருடத்துக்கு நாலரைத் தடவை வந்த கடும் நோவு, மருந்து எடுத்தவர்களுக்கு இரண்டரையாகக் குறைந்திருந்தது. வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை நினைத்ததற்கு முன்னாலேயே நிறுத்திவிட்டார்கள். 1998 இல் அனுமதி கிடைத்தது. அவர்களையே வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்ததில், மருந்து எடுத்தவர்களில் இறப்பும் குறைவாக இருந்தது.

பணக்கார நாட்டில்தானே என்று கேட்பவர்களுக்கு இன்னொன்று. அங்கோலா, கொங்கோ, கென்யா, உகண்டா ஆகிய நான்கு நாடுகளில் அறுநூறுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவு 2019 இல் வந்தது. நோவு குறைந்தது, இரத்தம் ஏற்றுவது குறைந்தது, இறப்பும் குறைந்தது.

குறையில்லாத மருந்தா என்றால் இல்லை. வெண்குழியத்தைக் குறைக்கும், அதனால் இரத்தத்தை அடிக்கடி சோதிக்க வேண்டும். கர்ப்பம் தரிக்க நினைப்பவர்கள் டொக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஆண்களும்தான், விந்தணு குறையலாம். எங்கள் பக்கம் இதற்கு இருக்கும் பெரிய எதிரி வேறு: "இது கேன்சர் மருந்தாமே" என்ற பேச்சு. ஆமாம், இரத்தப் புற்றுநோய்க்கும் கொடுப்பார்கள். அதே கத்தியால் மீனும் வெட்டுகிறோம், மாங்காயும் வெட்டுகிறோம்.

அனுமதி கிடைத்த மருந்தை எப்படித் திரும்பப் பெறுவார்கள்? வொக்ஸிலொட்டர் கதை என்ன?

லாப்காரன் என்ற முறையில் எனக்கு மிகவும் உறைத்த கதை இது. வொக்ஸிலொட்டர் என்ற குளிசை ஈமோகுளோபினை ஒட்சிசனோடு இறுக்கிப் பிடித்து, கலம் வளையாமல் பார்க்கும். 274 பேரை வைத்து நடந்த ஆய்வில், கூடிய அளவு மருந்து எடுத்தவர்களில் பாதிப்பேருக்கு ஈமோகுளோபின் ஒரு கிராமுக்கு மேல் ஏறியது. போலி எடுத்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்குத்தான் அப்படி ஏறியது. அந்த எண்ணை நம்பி 2019 இல் அமெரிக்காவில் துரித அனுமதி கொடுத்தார்கள். ரிப்போர்ட்டில் எண் ஏறியது. நோவு குறைந்ததா? அந்த ஆய்வு அதைத் தெளிவாகக் காட்டவில்லை. பிறகு தொடர்ந்த ஆய்வுகளில், மருந்து எடுத்தவர்களிடையே நோவுத் தாக்குதலும் இறப்பும் கூடுதலாக வருவதாகத் தெரிந்தது. 2024 செப்டெம்பரில் பைசர் நிறுவனம் உலகம் முழுவதிலிருந்தும் அதைத் திரும்பப் பெற்றது.

முப்பது வருடம் எண்களை எழுதிக் கொடுத்தவன் நான். ஈமோகுளோபின் ஏழிலிருந்து எட்டாகிவிட்டது என்று சொன்னால் தாய்மார் முகம் மலரும். எனக்கும் சந்தோஷமாக இருக்கும். ஆனால் அந்தப் பிள்ளை அந்த மாதம் எத்தனை நாள் பள்ளிக்கூடம் போனது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஆகவே ஆய்வுக்குக் கூப்பிடுகிறவர்களிடம் நீங்கள் கேளுங்கள்: "நீங்கள் அளக்கப் போவது எதை? ரிப்போர்ட்டில் இருக்கிற எண்ணையா, பிள்ளையின் நோவையா?"

கிரிசன்லிசுமாப் என்ற ஊசியின் கதையும் கிட்டத்தட்ட இதே. 198 பேரை வைத்த முதல் ஆய்வில் நோவு குறைந்தது. பெரிய ஆய்வில் அந்தப் பலன் உறுதியாகவில்லை. 2023 இல் ஐரோப்பா அனுமதியை எடுத்துவிட்டது. மிட்டாபிவாட், எட்டாவோபிவாட் என்று வேறு குளிசைகளும் ஆய்வில் இருக்கின்றன.

பரம்பரை அலகை வெட்டித் திருத்துகிறார்களாம். காணியை விற்றாவது போகலாமா?

விற்காதீர்கள். முதலில் அது என்ன என்று பார்ப்போம்.

நோயாளியின் சொந்த என்புமச்சைக் கலங்களை எடுத்து, வெளியே ஆய்வுகூடத்தில் கிறிஸ்பர் என்ற நுட்பத்தால் ஓரிடத்தில் வெட்டுகிறார்கள். எஸ் பிழையைத் திருத்துவதாகப் பலர் நினைக்கிறார்கள். கெஸ்ஜெவி என்ற சிகிச்சையில் வெட்டுவது அந்த இடத்தை அல்ல. சிசு ஈமோகுளோபினை மூடிவைத்திருக்கும் சுவிச்சைத்தான் கெடுக்கிறார்கள். ஹைட்ரொக்சியூரியா தட்டும் அதே கதவு, இது கதவையே கழற்றிவிடுகிறது. பிரித்தானியா 2023 நவம்பரிலும் அமெரிக்கா டிசம்பரிலும், 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு அனுமதித்தன. போதிய காலம் கண்காணித்த 31 பேரில் 29 பேருக்கு ஒரு வருடமாவது கடும் நோவு வரவில்லை. பெரிய சாதனைதான், மறுக்கவில்லை.

ஆனால் திருத்திய கலங்களைத் திரும்பச் செலுத்துவதற்கு முன், உள்ளே இருக்கும் மச்சையைக் கடும் மருந்தால் அழிக்க வேண்டும். வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் தனியறை, முடி கொட்டும், வாய் புண்ணாகும், பிள்ளைப்பேறு இல்லாமல் போகவும் கூடும். அமெரிக்காவில் அறிவித்த விலை 22 லட்சம் டொலர். டொலரை 300 ரூபா என்று வைத்தால் 66 கோடி. எந்த வட்டையில் எத்தனை ஏக்கர் வயலை விற்பீர்கள்? அதே நாளில் அனுமதி பெற்ற லிஃப்ஜீனியா என்ற மற்றச் சிகிச்சையில் இரத்தப் புற்றுநோய் எச்சரிக்கையும் உண்டு.

"பத்து லட்சம் தாருங்கள், வெளிநாட்டில் ஜீன் சிகிச்சை ஆய்வில் சேர்த்துவிடுகிறோம்" என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். ஒழுங்கான ஆய்வில் பரிசோதனை மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்குவதில்லை. கூடப்பிறந்தவரின் மச்சை பொருந்தினால் என்புமச்சை மாற்றுச் சிகிச்சை செய்யலாம். ஒரு சகோதரருக்குப் பொருந்தும் வாய்ப்பு நாலில் ஒன்று. அதைப் பற்றி டொக்டரிடம் கேட்பது காணி உறுதியைத் தேடுவதைவிட நல்லது.

இலங்கையில் இப்படி ஆய்வுகள் நடக்கின்றனவா? மட்டக்களப்பிலிருந்து போக முடியுமா?

அரிவாள் கல நோய்க்கு வெளிநாடுகளில் நடக்கும் அளவுக்கு இல்லை. ஆனால் பக்கத்து நோயான தலசீமியாவுக்கு நல்லதொரு ஆய்வு றாகமவில் நடந்தது. 60 பேருக்கு, பாதிப்பேருக்கு ஹைட்ரொக்சியூரியா, மற்றவர்களுக்கு மருந்துப்போலி. 2022 இல் முடிவு வந்தது. மருந்து எடுத்தவர்களில் சிசு ஈமோகுளோபின் கூடியிருந்தது. எங்கள் நாட்டில், எங்கள் நோயாளிகளை வைத்து, எங்கள் டொக்டர்மார் செய்தது என்பதால் எனக்கு அதில் ஒரு பெருமை.

தலசீமியாவுக்கான பெரிய நிலையம் குருநாகலில் இருக்கிறது. மட்டக்களப்பு ரயில் மாஹோவில் திரும்பிக் குருநாகல், றாகம வழியாகத்தான் கொழும்புக்குப் போகிறது. ஆகவே பாதை இருக்கிறது. பாதை இருப்பதும் பயணம் முடிவதும் வேறு. மாதம் ஒருமுறை வரச்சொல்லும் ஆய்வென்றால் இரவு ரயில், கூட வருகிறவரின் ஒருநாள் கூலி, வீட்டில் விட்டுவரும் மற்றப் பிள்ளைகள் எல்லாவற்றையும் கணக்குப் போடுங்கள். போக்குவரத்துச் செலவு தருவார்களா என்று கேட்பதில் வெட்கமில்லை.

இங்கே நடக்கும் ஆய்வு உண்மையானதா என்று பார்க்க, இலங்கை மருத்துவச் சங்கம் 2006 முதல் நடத்தும் மருத்துவ ஆய்வுப் பதிவேடு இருக்கிறது. இணையத்தில் யாரும் தேடலாம். புது மருந்தென்றால், 2015 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உண்டான தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதியும், ஒரு நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வேண்டும். பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். உண்மையான ஆய்வாளர் கேட்ட உடனே தருவார்.

எங்களைப் பரிசோதனை எலி ஆக்குகிறார்களா?

பயப்பட நியாயம் உண்டு. அமெரிக்காவில் டஸ்கிகீ என்ற இடத்தில் 1932 முதல் 1972 வரை கறுப்பின ஆண்களின் மேகநோயை, மருந்து வந்த பிறகும் கொடுக்காமல் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்று சம்மதப் பத்திரம், நெறிமுறைக் குழு எல்லாம் இவ்வளவு இறுக்கமாக இருப்பதற்கு அப்படிப்பட்ட அநியாயங்களும் ஒரு காரணம். பத்திரத்தை வீட்டுக்குக் கொண்டுபோக விடவில்லை என்றால், அங்கேயே கையெழுத்துக் கேட்டால், நான் எழும்பி வந்துவிடுவேன்.

இடையில் விலகலாமா?

எப்போதும் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. அதனால் உங்கள் வழக்கமான கிளினிக் சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது. குளிசையை மட்டும் சொல்லாமல் நிறுத்திவிடாதீர்கள். எப்படி நிறுத்துவது என்று கேட்டு நிறுத்துங்கள்.

ஆய்வில் சேரத் தகுதி இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏன்?

பெரும்பாலும் எழுத்தில் இல்லாததால். பல ஆய்வுகளுக்கு, கடந்த வருடங்களில் இத்தனை தடவை கடும் நோவு வந்திருக்க வேண்டும் என்று விதி உண்டு. கெஸ்ஜெவி ஆய்வில் முந்திய இரண்டு வருடமும் வருடத்துக்குக் குறைந்தது இரண்டு தடவை இருக்க வேண்டும் என்றார்கள். எங்கள் சனம் நோவு வந்தால் பனடோல் போட்டு, ஒத்தடம் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கும். அது எந்தக் கணக்கிலும் வராது. கடும் நோவுக்கு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், டயக்னோசிஸ் கார்டைப் பத்திரமாக வையுங்கள். வீட்டில் பட்ட நோவைக் கொப்பியில் திகதி போட்டு எழுதுங்கள்.

நோன்பு பிடிக்கலாமா?

காத்தான்குடி, சாய்ந்தமருதுப் பக்கத்து உம்மாமார் கேட்பது. தண்ணீர் குறைந்தால் கலம் வளைவது கூடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நோன்பில்லாமலே நா வறளும். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது. டொக்டரிடமும் மௌலவியிடமும் கேளுங்கள். ஆய்வில் இருப்பவர்கள் குளிசை நேரத்தைத் தாமாக மாற்றவே கூடாது.

மச்சானுக்கு மச்சாளைக் கட்டிவைக்கலாமா?

இரண்டு பேரும் இரத்தத்தைச் சோதித்துவிட்டுப் பேசுங்கள். இருவரும் காவி என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நாலில் ஒன்று. ஒருவர் எஸ் காவி, மற்றவர் பீட்டாத் தலசீமியாக் காவி என்றாலும் அதே கணக்குத்தான். சொந்தத்தில் இருவருக்கும் ஒரே பிழை இருக்கும் சாத்தியம் கூட. சாதகம் பார்ப்பதை நிறுத்தச் சொல்லவில்லை, அதோடு இந்த ஒரு ரிப்போர்ட்டையும் வைத்துப் பாருங்கள் என்கிறேன்.

எந்த ஆய்வும் கிடைக்கவில்லை. இன்றைக்கு என்ன செய்வது?

ஆய்வுகள் காட்டித்தந்த எளிய விஷயங்களே இன்னும் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேரவில்லை. 1986 இல் வந்த ஆய்வு, சின்னப் பிள்ளைகளுக்குத் தினமும் பெனிசிலின் கொடுத்தால் கிருமித் தாக்கம் 84 வீதம் குறைகிறது என்று காட்டியது. இந்த நோயில் மண்ணீரல் சீக்கிரமே செயலிழந்துவிடும், அதனால்தான். நியூமோகொக்கஸ் என்ற கிருமிக்கான தடுப்பூசி பற்றி கிளினிக்கில் கேளுங்கள். மார்கழிக் குளிரில் விடியற்காலை குளத்தில் முழுக வேண்டாம். பள்ளிக்கூடத்தில் தண்ணீர்ப் போத்தலை மேசையில் வைக்கவும், கேட்டபோதெல்லாம் வெளியே போகவும் ஆசிரியரிடம் சொல்லி வையுங்கள்.

காய்ச்சல் 101 பாகையைத் தாண்டினால் விடியட்டும் என்று இருக்க வேண்டாம், இரவோடு இரவாகப் போங்கள். வாட்டில் இருக்கும் புது டொக்டருக்கு உங்கள் பிள்ளையைத் தெரியாது. கிளினிக் கொப்பியின் முன்மட்டையில் சிவப்புப் பேனாவால் பெரிதாக "அரிவாள் கல நோய்" என்று எழுதி, பெனிசிலின் எடுக்கிறதா, கடைசியாக எப்போது இரத்தம் ஏற்றியது என்பதையும் கீழே எழுதி வையுங்கள்.